சட்டைப் பையில் பன்னிரண்டு நாள்

மிருக வைத்தியர் சோதிலிங்கத்திடம் ஒரு வசனம் இருந்தது. “அதுக்குள்ள கலவரம் வந்திட்டுது, நான் என்ன செய்யிறது?” பன்னிரண்டு வருடமாக அதை அவர் யாழ்ப்பாணத்தில் கோயில் வீதியில் கூட நடக்கிறவர்களிடம் சொன்னார், சலூனில் சொன்னார், முகம் மழிக்கும்போது கண்ணாடியிடமும் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார்கள். எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது உண்மைதானே, யார் இல்லையென்று சொல்லப் போகிறார்கள்? அவருடைய மனைவி கமலாசனி மட்டும் தலையாட்டுவதில்லை. மறுத்துப் பேசுவதுமில்லை. எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

அந்த மனுஷி ஏன் எழுந்து போனாள் என்பதுதான் கதை.

அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்த தாஸிம் முதலாளிக்கு எண்பத்தொன்றில் ஓர் ஆசை பிறந்தது. தெல்தோட்டைக்கு மேலே தேயிலை பட்டுப்போய்ப் புல் மண்டிக் கிடந்த மலை ஒன்றை வாங்கி, அதில் செம்மறி வளர்க்கத் தொடங்கினார். பார்த்துக்கொள்ள ஒரு படித்த ஆள் வேண்டும் என்று சோதிலிங்கத்தைப் பிடித்தார். சோதிலிங்கமும் கமலாசனியும் பேராதனையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவள் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். அவர் மோட்டார் சைக்கிளில் தினமும் மலையேறுவார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கெட்டிக்காரர்தான். வந்து ஒரு வருடத்துக்குள் ஆடுகள் கொழுத்துப் பளபளவென்று நின்றன. கெட்டிக்காரத்தனத்தோடு கூடப் பிறந்த வியாதியும் அவருக்கு இருந்தது. தனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் நம்பமாட்டார்.

தீவன அறையில் எலி பெருகிவிட்டது. பண்ணைக் காவல்காரன் வீரையா எலி மருந்து வைக்கலாம் என்றான். “விசர்க் கதை கதையாதை. மருந்து தவிட்டுக்குள்ள விழுந்தா ஆடெல்லோ சாகும்” என்று சோதிலிங்கம் அதட்டினார். அதில் நியாயம் இருந்தது. அடுத்த நாள் கமலாசனி வளர்த்த பெண் பூனையை ஒரு கூடைக்குள் போட்டு, கூடை வாயைச் சாக்கால் கட்டி, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தீவன அறையில் விட்டார். எலி குறைந்தது. “பாத்தியளோ? இதுக்குத்தான் படிச்சிருக்க வேணும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எண்பத்துமூன்று பங்குனியில் அந்தப் பூனை தவிட்டுப் பெட்டிக்குள் நான்கு குட்டி போட்டது. குட்டிகள் வளர்ந்து, எலி பிடித்துத் தின்று, தவிட்டிலும் காய்ந்த புல்லிலும் புரண்டு, அங்கேயே கழித்துக்கொண்டும் திரிந்தன. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பூனை என்றால் அப்படித்தானே.

வைகாசிக் கடைசியில் ஆடுகள் குட்டி வீசத் தொடங்கின.

முதலில் ஒன்று. பிறகு ஒரே கிழமையில் ஐந்து. நாள் நிறைவதற்குள் செத்த குட்டிகள். இரட்டைக் குட்டி போட்ட ஆட்டுக்கு ஒன்று முழு உருவில் செத்து விழும், மற்றது விரல் நீளத்தில் கறுத்து உலர்ந்து வரும். குட்டிக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, குறுணி அரிசி சிந்தியதைப் போல. உயிரோடு விழுந்த சிலதும் எழுந்து நிற்க மாட்டாமல் மறுநாள் போய்விடும். ஆனி முடிவதற்குள் அறுபது சினையாட்டில் முப்பத்தொன்று இப்படிப் போனது.

இதையெல்லாம் கையால் எடுத்துச் சுத்தம் செய்தவள் வீரையாவின் பெண்சாதி பரிமளம். இருபத்திரண்டு வயது. குட்டி போடுகிற ஆட்டோடு அவளைப் போல இருக்க ஒருவராலும் முடியாது. கொட்டிலுக்குள் குந்தி, ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டு “என்னடி ஆத்தா, இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு” என்று பேசிக்கொண்டே இருப்பாள். பண்ணையில் இருந்தது ஒரே ஒரு சோடி ரப்பர் கையுறை. அது டொக்டருடையது. பரிமளத்துக்கு அப்போது நான்கு மாதம்.

அவளுடைய மாமியார் ரத்தினம்மா ஒரு நாள் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஏறிவந்து, கொட்டில் வாசலில் நின்றாள்.

“டொக்டரையா, ஒண்ணு சொல்லணுங்க. மருமவ முழுகாம இருக்கா. மாசமா இருக்கிறவ செத்த குட்டிய தொடப்படாதுங்க. எங்க ஆளுக யாரும் விடமாட்டாங்க. அவள புல்லு வெட்ட விடுங்க, தண்ணி தூக்க விடுங்க. இது மட்டும் வேணாங்கய்யா.”

“தொட்டா என்ன வரும்?”

“ஆகாதுங்க.”

“ஏன் ஆகாது?”

“ஏன்னெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆகாது.”

வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சோதிலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆள் கூடிவிட்டால் அவருக்குப் பேச்சு வராமல் இருக்குமா!

“இஞ்ச பாருங்கோ, நான் பேராதனையில வருசக்கணக்கா இதைத்தான் படிச்சனான். குட்டி வீசுற வருத்தத்தில மனுசருக்குத் தொத்திறது ஒண்டு இருக்கு. அது இல்லையெண்டு ரத்தம் சோதிச்சு றிப்போட்டும் வந்திட்டுது. பிறகென்ன பயம்? ஆட்டால உங்கட மருமகளுக்கு ஒண்டும் வராது, நான் எழுதித் தாறன். தீட்டு, ஆகாது, இதுகளைப் படலைக்கு வெளியில வைச்சிட்டு வாங்கோ.”

எல்லாரும் சிரித்தார்கள். பரிமளம் இரத்தம் படிந்த கையோடு மாமியாரையும் டொக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை. படிச்சவங்கல்ல.”

ரத்தினம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

சோதிலிங்கம் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று இதுவரை சொல்லலாம். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். அவரும் சும்மா இருக்கவில்லை. செத்த குட்டி இரண்டையும், இளங்கொடித் துண்டுகளையும், ஆடுகளின் இரத்தத்தையும் மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்.

ஆடி மாதம் பிறக்க மூன்று நாள் இருக்கும்போது, ஜூலை பதினான்காம் திகதி வியாழக்கிழமை, தபாலில் முடிவு வந்தது.

தீவன அறை வாசலில் நின்றுதான் உறையைக் கிழித்தார். டொக்ஸோபிளாஸ்மா என்கிற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. பூனையின் குடலில் பெருகி, அதன் கழிவில் வெளியேறி, தீவனத்தோடு சினையாட்டின் வயிற்றுக்குள் போய்க் குட்டியைக் கொல்வது. ‘பண்ணையில் பூனைக்குட்டிகள் உள்ளனவா எனப் பார்க்கவும்’ என்று எழுதியிருந்தது. கடைசி வரி தனியாகத் தட்டச்சிடப்பட்டு, கீழே கோடும் இழுக்கப்பட்டிருந்தது. ‘கர்ப்பிணிப் பெண்கள் இந்த ஆடுகளையும், வீசிய குட்டிகளையும், இளங்கொடியையும் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது.’

தவிட்டு மூட்டைக்கு மேல் தாய்ப்பூனை உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பத்து எட்டு எடுத்து வைத்தால் கொட்டில். “பரிமளம், கையைக் கழுவிப்போட்டு வெளியில வா, இனி இதுக்குள்ள வராதை.” இவ்வளவுதான் சொல்லவேண்டியது. இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? ஆனால் வெளியே வந்தவள் ‘ஏனுங்க’ என்று கேட்பாளே. வீரையா கேட்பான். ரத்தினம்மா படலையில் நின்று, எல்லாருக்கும் முன்னால், ‘நான் அன்னைக்கே சொன்னேனே’ என்பாள். பூனை யாருடைய பூனை என்று மலை முழுக்கப் பேசும். முப்பத்தொரு ஆட்டின் குட்டியையும் கொன்றது டொக்டர் கூடையில் கொண்டுவந்த பூனை! முதலாளி என்ன சொல்வார்? சனிக்கிழமை அவசரமில்லாமல், ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தார். வேறு ஏதோ காரணம் காட்டி அவளைக் கணக்கு எழுதும் கந்தோரைக் கூட்டப் போடலாம், அப்போது ஒன்றும் சொல்லவே தேவையில்லை என்றும் நினைத்தார். ‘ஒரு மாதத்துக்கு மேலாகத் தொடுகிறாள், தொற்றுவதென்றால் எப்போதோ தொற்றியிருக்கும், இனிச் சொல்லி என்ன’ என்றுகூட நினைத்தார், ஐயோ, அதையும் நினைத்தார். மருந்து என்று ஒன்று இருக்கிறது, ஆஸ்பத்திரியில் சொன்னால் கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

வெள்ளிக்கிழமை பூனைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட்டு அப்புறப்படுத்தினார். தவிட்டையும் புல்லையும் எரிக்கச் சொன்னார். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றார். ஆட்டுக்குச் செய்யவேண்டியதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பிறப்பு. அன்று கடைசியாக ஒரு ஆடு குட்டி போட்டது. அவர் கொட்டில் வாசலுக்கு வந்தபோது குட்டி ஈரமாக, அசைவில்லாமல் வைக்கோலில் கிடந்தது. பரிமளம் அதைத் தூக்கி, மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்த சளியைத் தன் வாயை வைத்து உறிஞ்சித் துப்பினாள். மறுபடி வைத்து ஊதினாள். மறுபடி உறிஞ்சினாள். சோதிலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டு வந்த கடிதம் பையில் இருந்தது. அவருடைய கை அந்தப் பைக்குப் போனது, அங்கேயே நின்றது. குட்டி ஒரு தும்மல் தும்மி, தலையைத் தூக்கியது.

“பொழச்சிருச்சுங்கய்யா!” பரிமளம் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “ஆடி மொத நாளு பொறந்திருக்கு. ஆடின்னே பேரு வைப்போங்க.”

“கெட்டிக்காரி” என்றார் டொக்டர்.

புதன்கிழமை தாஸிம் முதலாளி வந்தார். குட்டி குறைந்துபோன கொட்டில்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “என்னா டொக்டர் இது, குட்டியெல்லாம் பெய்த்தே. என்னா வருத்தமுன்னு ஏதும் வெளங்கினா?”

“இன்னும் றிப்போட் வரேல்ல முதலாளி.”

அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு உண்மையைச் சொல்லுகிற வழியும் அடைபட்டுப் போயிற்று. இப்போது பரிமளத்திடம் சொன்னால் முதலாளிக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரிந்தால் பொய் தெரியும். தன் காலைத் தானே கட்டிக்கொண்ட மனுஷனை யார் அவிழ்த்துவிடுவது?

இருபத்தைந்தாம் திகதி திங்கட்கிழமை, கமலாசனி உடுப்புத் தோய்க்க எடுத்தபோது சட்டைப் பையைத் துழாவினாள். கடிதத்தை விரித்து, நின்றபடியே வாசித்தாள்.

“என்னப்பா இது? அந்தப் பரிமளம் பிள்ளை வயித்தோடயெல்லோ நிக்கிறாள்?”

“ஓம்.”

“பதினோராம் திகதி போட்டிருக்கு.”

“நாளைக்குச் சொல்லுறன். விடிய முதல் வேலை அதுதான்.”

“இப்ப போங்கோ.”

“கொழும்பில ஏதோ பிரச்சினையாம், றேடியோவில சொல்லுறாங்கள். நாளைக்குப் போறன் எண்டு சொல்லிட்டனெல்லோ.”

நாளைக்குக் கண்டி எரிந்தது.

செவ்வாய்க்கிழமை பகல் தாஸிம் முதலாளியே வானை எடுத்துக்கொண்டு பேராதனைக்கு வந்தார். இருவரையும் சீலைக் கட்டுகளுக்குப் பின்னால் இருத்தி, அக்குறணைக்குத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இதற்கு அந்த மனுஷனைக் கும்பிடத்தான் வேண்டும். ஐந்து நாள் அங்கே இருந்தார்கள். முதலாளியின் மனைவி சகீனா உடுக்கத் துணி தந்தாள், நேரத்துக்குச் சோறு தந்தாள். வான் சாரதி ஒரு நாள் விட்டு ஒரு நாள் பண்ணைக்குப் போய் வந்தான். ஒரு வார்த்தை போதும், ஒரு துண்டுக் காகிதம் போதும். சோதிலிங்கம் மூன்று தரம் வாயைத் திறந்தார். ஒரு தரம் பல்லுத்தூள் கேட்டார். ஒரு தரம் பேப்பர் கேட்டார். மூன்றாம் தரம் சகீனாவே கேட்டாள்:

“டொக்டர், மலைப் பக்கம் ஏதும் செல்லி அனுப்போணுமா? டிரைவர் போகப் போற.”

கமலாசனி அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

“ஒண்டுமில்லை” என்றார்.

நாடு பற்றி எரியும்போது ஆட்டு வருத்தத்தைப் பற்றிப் பேசுவதா என்று தோன்றியதாம். பிறகு அகதி முகாம், பிறகு கப்பல், பிறகு காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம். ஐப்பசியில் தாஸிம் முதலாளியின் கடிதம் வந்தது. பண்ணையை மூடுவதாக எழுதியிருந்தார். அடியில் ஒரு வரி இருந்தது. ‘நம்மட பரிமளத்துக்கு புரட்டாசியில் ஏழு மாதத்துப் பிள்ளை செத்துப் பிறந்தது. பாவம்.’

அன்று பின்னேரம் கோயில் வீதியில்தான் அந்த வசனத்தை முதன்முதலாகச் சொன்னார்.

தொண்ணூற்றைந்து மாசியில் சண்டை நின்று பாதை திறந்தது. சோதிலிங்கத்துக்குக் கண்ணில் புரை. கொழும்புக்குப் போய் வெட்டவேண்டும். பையை அடுக்கிக் கொடுத்தபோது கமலாசனி, “கண்டிக்கும் ஒருக்காப் போட்டு வாங்கோ” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான். கிளாலியில் படகேறி, கொழும்பில் கண்ணை வெட்டி, ஒரு கிழமை கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு கண்டிக்கு ரயில் ஏறினார்.

மலையில் பண்ணை இருந்த அடையாளமே இல்லை. பாத்தி பாத்தியாக முட்டைக்கோவா நட்டிருந்தார்கள். லயத்தில் மூன்றாவது காம்பராவில் பரிமளம் இருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் ஆளை மட்டுக்கட்டினாள்.

“ஐயோ, டொக்டரையாவா! வாங்க, வாங்க! உசுரோட இருக்கீங்களான்னு நெனைக்காத நாளு இல்லீங்க.” ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் ஒரு கதிரை இரவல் வாங்கிவந்து, சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். பிளேன் டீ ஊற்றினாள். வீரையா வேலைக்குப் போயிருந்தான், பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள்.

“ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. நல்லாத்தான் இருக்குதுக. மூத்ததுதான் தங்கல. உங்களுக்குத் தெரியாதுல்ல? நீங்க போனப்புறந்தாங்க.” அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். “அத்தை அதையே சொல்லிச் சொல்லி என்னைய உசுரோட கொன்னுருச்சுங்க. செத்த குட்டிய தொட்டே, அதான் உன் புள்ள செத்துச்சுன்னு. வாற போறவங்ககிட்டயெல்லாம் சொல்லும். நான் விடலீங்க. டொக்டரையா எழுதித் தாறேன்னு சொன்னாரு, அவரு படிச்சவரு, ஆட்டால ஒண்ணும் வராதுன்னு சொன்னாரு, நீ சும்மா இருன்னு எதுத்து எதுத்துப் பேசினேன். எட்டு வருசம் ஒரே காம்பராவுல, ஒரு வார்த்த நல்லபடியா பேசினதில்ல. சாகக் கெடந்தப்ப கை நீட்டுச்சுங்க. நான் போய்ப் பிடிக்கல. நான் என்ன தப்பு செஞ்சேன், நான் ஏன் போவணும்?”

சோதிலிங்கம் கோப்பையை நிலத்தில் வைத்தார். இப்படியே எழும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போயிருந்தால் அவள் கும்பிட்டு வழியனுப்பியிருப்பாள்.

“பரிமளம், உன்ர மாமி சொன்னதுதான் சரி.”

அவள் விளங்காமல் பார்த்தாள்.

சொன்னார். பூனை, தவிடு, கண்ணுக்குத் தெரியாத பூச்சி, இளங்கொடி, எல்லாம் சொன்னார். “உன்ர பிள்ளை அதாலதான் செத்தது எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது, வேற காரணமும் இருக்கலாம்” என்றும் சொன்னார். சொல்லும்போதே அதுவும் ஒரு ஒளிப்பிடம் என்று அவருக்குத் தெரிந்தது. பரிசோதனைக் கடிதம் வந்ததைச் சொன்னார். கர்ப்பிணிகள் தொடக்கூடாது என்று கோடு போட்டு எழுதியிருந்ததைச் சொன்னார். “உனக்குச் சொல்லத்தான் இருந்தனான், பிள்ளை. சத்தியமாச் சொல்லத்தான் இருந்தனான். அதுக்குள்ள கலவரம் வந்திட்டுது, நான் என்ன…”

பரிமளம் தலையாட்டவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, விரல் நுனியைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நாள் எண்ணுகிறாள் என்று அவருக்குப் பிறகுதான் விளங்கியது.

“கலவரம் ஆடி பத்துலதானுங்களே வந்துச்சு. நாங்க தேயிலைக்குள்ள போய்ப் படுத்துக் கெடந்தோம். ஆடி பத்துதான்.”

“ஓம்.”

“ஆடின்னு ஒரு குட்டிக்குப் பேரு வச்சோமே. வாய வச்சு ஊதி எழுப்பினேன். ஐயா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அது மொத நாளுங்க.” அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “அன்னைக்கு அந்தக் காயிதம் வந்திருச்சுங்களா?”

ஒரு ‘இல்லை’ போதும். அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? தாஸிம் முதலாளிக்குச் சொன்ன மாதிரி இன்னொரு தரம் சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம். சோதிலிங்கம் கண்ணாடியை எடுத்துப் போடப் பார்த்தார், பிறகு மடித்து மடியில் வைத்தார்.

“வந்திட்டுது. என்ர சட்டைப் பைக்குள்ள இருந்தது.”

பரிமளம் வயிற்றில் ஒரு கையை வைத்திருந்தாள், வைத்தது அவளுக்கே தெரியாது.

“அன்னைக்கு அது உள்ளுக்குத் துள்ளிக்கிட்டுத்தாங்க இருந்துச்சு” என்றாள்.

பிறகு எழுந்து, அவர் குடிக்காமல் வைத்த தேத்தண்ணீரை எடுத்து வாசலில் ஊற்றினாள். கதிரையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றாள். சோதிலிங்கம் எழும்பினார்.